ஹை ரிஸ்க் சீட் கிராண்ட் கிடைத்துவிட்டதா? கையெழுத்துப் போடும் முன் சாங்ஷன் ஆர்டரைப் படியுங்கள்

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சர்க்குலர் பழகியிருக்கும். "ஹை ரிஸ்க், ஹை ரிவார்டு ஆராய்ச்சிக்குப் பல்கலைக்கழகமே சீட் மணி தருகிறது, துணிச்சலான யோசனைகளை வரவேற்கிறோம்" என்று மெயில் வரும். 2023இல் அந்தத் தொடக்க நிதி எனக்குக் கிடைத்தது. 10 லட்சம் ரூபாய், இரண்டு வருடம். காலம் முடிந்த கையோடு ஒரு கடிதமும் கிடைத்தது. வாக்களித்த பலன்கள் எட்டப்படாததால் செலவான தொகையை ஏன் என் சம்பளத்தில் பிடித்தம் செய்யக்கூடாது என்று 15 நாளில் விளக்கம் தரச் சொல்லியிருந்தார்கள். துணிச்சலாகச் செய் என்று கொடுத்த பணம்தான் அது. இப்படி ஆகக்கூடும் என்று எனக்கு முன்னால் வாங்கியவர்கள் யாரும் சொல்லவில்லை. ஜெயித்தவர்கள் போட்டோ வராந்தா போர்டில் இருக்கும். மாட்டிக்கொண்டவர்கள் அதே வளாகத்தில்தான் காலம் தள்ள வேண்டும், வாயைத் திறக்க மாட்டார்கள். நானும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன், அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும்.

முதலில், இந்தப் பணம் ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில், நான் விண்ணப்பித்த காலத்தில், மூன்றாவது அளவுகோலில் நிறுவனம் தன் ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சிக்காக எவ்வளவு சீட் மணி கொடுத்தது என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு எண் வேண்டும். நல்ல எண்ணமே இல்லை என்று சொல்லவில்லை, எங்கள் துணைவேந்தருக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தது. ஆனால் அறிவிக்கிறவர் ஒருவர், செலவுக்கு ஒப்புதல் தருகிறவர் இன்னொருவர், கடைசியில் கணக்குக் கேட்கிறவர் மூன்றாமவர். "ரிஸ்க்" என்கிற வார்த்தை முதல் ஆளின் மேஜையோடு நின்றுவிடுகிறது. திட்டத்தின் தொடக்க விழாவில் ஒருவர் கேட்டலின் கரிகோ படத்தைத் திரையில் போட்டு, இவர் போல விடாப்பிடியாக நில்லுங்கள் என்று பேசினார். கொரோனா தடுப்பூசிக்கு வழிவகுத்தவர், அந்த வருடக் கடைசியில் நோபலும் வாங்கினார், எல்லாம் சரி. ஆராய்ச்சி நிதி வரவில்லை என்பதற்காக 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவி இறக்கிய கதையை மட்டும் அந்த மேடையில் யாரும் சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் முன் யோசிக்க வேண்டிய பாதி அதுதான்.

நான் எலக்ட்ரோகெமிஸ்ட்ரி, அதாவது மின்வேதியியல். என் யோசனை, காற்றிலுள்ள நைட்ரஜனையும் தண்ணீரையும் வைத்து, அறை வெப்பத்திலேயே, மின்சாரத்தால் அம்மோனியா செய்வது. யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவை இன்றைக்கும் ஹேபர்–பாஷ் முறையில்தான் செய்கிறார்கள். 400, 500 டிகிரி வெப்பம், வளிமண்டலத்தைப் போல் நூறு மடங்குக்கு மேல் அழுத்தம். உலகம் செலவழிக்கும் ஆற்றலில் 1 முதல் 2 சதவீதம் இதற்கே போகிறது. அந்த வேலையை மேஜை மேல் வைக்கிற ஒரு மின்கலமும் சோலார் பேனலும் செய்துவிட்டால், உரம் ஊருக்கு ஊர் தயாராகும். பலன் பெரிது. நடக்காமல் போகும் வாய்ப்பு அதைவிடப் பெரிது. நைட்ரஜன் மூலக்கூறின் மூன்று பிணைப்பை உடைப்பது லேசில்லை. பக்கத்தில் தண்ணீர் இருந்தால் நாம் செலுத்துகிற மின்சாரத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜனாகக் குமிழ்விட்டுப் போய்விடும். புரொபோசலில் இதை மறைக்காமல் எழுதினேன். கேட்டதே ஹை ரிஸ்க் யோசனைதானே.

கமிட்டி முன்னால் போய் நின்றதும் வந்த முதல் கேள்வி, "பிரிலிமினரி டேட்டா இருக்கா மேடம்?" இருந்தால் ரிஸ்க் எங்கே இருக்கிறது? ஆனால் இதை நம்மூர்க் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரே புரொபோசல்களைப் பல மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், மிகவும் புதிதான யோசனைகளுக்கு மதிப்பெண் குறைந்தது. தங்கள் சொந்தத் துறைக்கு நெருக்கமான புரொபோசல்களுக்கு மதிப்பீட்டாளர்கள் இன்னும் கறாராக மதிப்பெண் போட்டார்கள். இதைச் சமாளிக்கச் சில நாடுகளில் வேறு வழி பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கவுன்சில் 2013இல் தொடங்கி ஒரு திட்டத்தில், தகுதி பார்த்துத் தேர்ந்த விண்ணப்பங்களைக் குலுக்கல் முறையில் எடுத்திருக்கிறது. டென்மார்க்கின் வில்லும் அறக்கட்டளை விண்ணப்பித்தவர் பெயரை மறைத்துவிடுவதோடு, மற்றவர்கள் வேண்டாம் என்றாலும் ஒரு மதிப்பீட்டாளர் தனியாகத் தூக்கிவிடக்கூடிய துருப்புச் சீட்டும் கொடுத்திருக்கிறது. நம் கமிட்டிகளில் அதெல்லாம் இல்லை. இருக்கிற கமிட்டியை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

எனக்கு உதவியது, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டார்பாவை 1975 முதல் 1977 வரை நடத்திய ஜார்ஜ் ஹெய்ல்மையர் தன்னிடம் பணம் கேட்டு வருகிறவர்களிடம் கேட்ட கேள்விகள். கலைச்சொல் இல்லாமல் என்ன செய்யப் போகிறாய், இன்று அதை எப்படிச் செய்கிறார்கள், உன் வழியில் புதிது என்ன, நடந்தால் யாருக்கு லாபம், ஆபத்து எங்கே, எவ்வளவு பணம், எவ்வளவு காலம், நடுவழியில் தேறுமா தேறாதா என்று எதை வைத்துச் சொல்வாய். இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். "நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் வாயுவை விட்டாலும் அதே அளவு அம்மோனியா தெரிந்தாலோ, நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான வடிவம்) ஐசோடோப்பு சோதனையில் அம்மோனியாவின் மூலம் நாம் விட்ட வாயு இல்லை என்று தெரிந்தாலோ, இந்த வினையூக்கி வரிசை நிறுத்தப்படும். அந்த முடிவே இத்திட்டத்தின் ஒரு பலனாகக் கொள்ளப்படும்" என்று எழுதி வைத்தேன். எழுதும்போது நல்ல அறிவியல் என்பதற்காக எழுதியதுதான். இரண்டு வருடம் கழித்து என் சம்பளத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு பத்திதான். உங்கள் புரொபோசலில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். எந்த முடிவு வந்தால் நிறுத்துவீர்கள், அப்படி நிறுத்துவதும் ஒரு முடிவுதான் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

ஏனென்றால் விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. "எதிர்பார்க்கும் பலன்கள்" என்ற பெட்டியில் ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள இதழ்களில் கட்டுரை எத்தனை, அதில் க்யூ1 (தர வரிசையில் முதல் கால்பகுதி இதழ்) எத்தனை, காப்புரிமை எத்தனை, வெளி நிதி எத்தனை லட்சம் என்று நாலு கட்டம். காலியாக விட்டால் ஆன்லைன் படிவம் அடுத்த பக்கத்துக்கே போகாது. க்யூ1 கட்டுரை 3, காப்புரிமை 1 என்று போட்டேன். எல்லோரும் போடுவது அதுதான், சுழியம் போட்டவருக்கு யாரும் பணம் தரப் போவதில்லை. இப்போது யாராவது கேட்டால், கட்டத்தில் 1 என்று போட்டுவிட்டு, குறிப்புப் பகுதியில் "இது இலக்கு மட்டுமே, இரண்டாம் பக்கத்தில் சொன்ன நிறுத்த விதிக்கு உட்பட்டது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். எண்ணைக் கூட்டிப் போட்டால் மதிப்பெண் கூடும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். கூடும்தான். கணக்குக் கேட்கும் நாளில் அவர்கள் நம் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

சாங்ஷன் ஆர்டர், அதாவது நிதி ஒப்புதல் ஆணை, வந்த அன்று டிபார்ட்மென்டில் ஸ்வீட் கொடுத்தோம். நாலு பக்க ஆர்டர். மூன்றாம் பக்கத்தின் அடியில், "வாக்களித்த பலன்கள் எட்டப்படாத நிலையில் தொகையை முழுமையாகவோ பகுதியாகவோ திரும்பப் பெறும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு" என்று ஒரு வரி. இன்னொரு வரியில், திட்டக் காலத்தில் வேலையை விட்டுப் போனால் மொத்தத் தொகையையும் கட்டிவிட்டுத்தான் நோ டியூஸ், அதாவது பாக்கி இல்லை என்ற சான்று. ஏற்புக் கடிதத்தை மூன்று நாளில் தர வேண்டும். நான் ஆராய்ச்சி டீன் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "அது ஸ்டாண்டர்ட் கிளாஸ் மேடம், யார்கிட்டயும் பிடிச்சதில்ல" என்றார்கள். அந்தப் பதிலை அன்றைக்கே ஒரு மெயிலாக எழுதி, "தாங்கள் நேரில் விளக்கியபடி, நேர்மையான முயற்சியில் பலன் கிடைக்காவிட்டால் இந்த விதி பொருந்தாது என்று புரிந்துகொண்டு ஏற்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. மறுத்தும் வரவில்லை. அதுவே பின்னால் உதவியது. வாய்மொழியாக எது சொன்னாலும் அன்றே மெயிலாக்கி அனுப்பிவிடுங்கள், மரியாதையான நடையில், டிபார்ட்மென்ட் தலைவருக்கும் ஒரு நகல் போட்டு.

பணத்துக்கு வருவோம். 10 லட்சம் என்பது 10 லட்சம் இல்லை. அதற்குள்ளேயே வரி. அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு முன்பு 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை இருந்தது, 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். அன்றைய 18 சதவீதம் போட்டுக் கணக்கிட்டால் கையில் நின்றது எட்டரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. அதில் கிட்டத்தட்டப் பாதி மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி அளக்கும் ஒரு பொட்டென்ஷியோஸ்டாட்டுக்குப் போனது. உதவித்தொகைக்கு நிதியில் இடமில்லை, ஆள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் பெரும்பாலான சீட் மணியின் விதி. பாதிப் பணம் முதல் தவணை, முதல் தவணைக்கு யூசி (பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ்) கொடுத்தால் மீதி. எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன். உலகத்தில் ஒரே ஒரு கம்பெனி செய்கிற சவ்வுக்கும் மூன்று கொட்டேஷன் கேட்டார்கள், கடைசியில் இதை நாங்கள் மட்டுமே செய்கிறோம் என்ற புரொப்ரைட்டரி சான்றிதழை உற்பத்தியாளரிடம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. அப்படிப்பட்ட பொருள் உங்கள் பட்டியலில் இருந்தால், சாங்ஷன் வருமுன்பே அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள், காசா பணமா. மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 2025 ஜூனில் நிதி அமைச்சகம் கொஞ்சம் மூச்சு விட வழி செய்தது. கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ஆனது. தனியார் பல்கலைக்கழகங்கள் அவரவர் விதிப்படிதான்.

சரி, வேலை. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் முதல் நீல நிறம் தெரிந்தது. அம்மோனியா இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி இண்டோஃபீனால் சோதனை. கரைசலில் சாலிசிலேட், ஹைப்போகுளோரைட், துளி நைட்ரோபுருசைடு சேர்த்து இருட்டில் வைத்தால், அம்மோனியா இருந்தால் மெல்ல நீலப்பச்சை ஏறும். 655 நானோமீட்டரில் அளக்கலாம். என் ஆய்வு மாணவி கியூவெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "மேம், வந்துருச்சு" என்றாள். பக்கத்து லேபிலிருந்து எல்லாம் வந்து பார்த்தார்கள். மூன்று மணி நேர ஓட்டத்துக்கு நல்ல அடர்த்தி. அன்றே ஹெச்.ஓ.டி. டீனுக்குச் சொல்லிவிட்டார், டீன் இன்னும் மேலே சொல்லிவிட்டார். மறுநாள் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் ஓட்டினோம், நீலம் வரக்கூடாது. அதிலும் நீலம். ஆனால் கொஞ்சம் வெளிறிய நீலம், நைட்ரஜனில் வந்ததில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். மீதி ஒரு பங்கு நிஜமா பொய்யா என்பதற்குத்தான் அடுத்த ஒரு வருடம் போனது.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள், அம்மோனியா எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். நம் மூச்சில் இருக்கிறது. கையுறையில் ஒட்டியிருக்கும் நைட்ரேட் மின்முனையில் பட்டால் அம்மோனியாவாகிவிடும். சிலிண்டர் நைட்ரஜனில் துளித்துளியாக நைட்ரஜன் ஆக்சைடு இருக்கும். மின்கலத்தின் இரண்டு அறைகளுக்கு நடுவே வைக்கிற நாஃபியான் சவ்வு முந்தைய சோதனையின் அம்மோனியாவை உறிஞ்சி வைத்திருந்து அடுத்ததில் கக்கும். 2019இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதையெல்லாம் அலசியது. அவர்கள் சோதித்த நீர்சார் வினையூக்கிகள் எதுவும் தேறவில்லை, கரிமக் கரைப்பானில் லித்தியம் வழியாகச் செய்யும் முறை மட்டும் தாக்குப்பிடித்தது. உறுதியான ஒரே சோதனை நைட்ரஜன்-15 வாயு. அதை விட்டு ஓட்டி, மூலக்கூறுகளை அடையாளம் காட்டும் புரோட்டான் என்எம்ஆர் கருவியில் பார்த்தால், நிஜமாகவே அந்த வாயுவிலிருந்து வந்த அம்மோனியம் வரைபடத்தில் இரண்டு முனையாகத் தெரியும். சாதாரண நைட்ரஜனிலிருந்து வந்ததென்றால் மூன்று முனை.  அதனால்தான் அந்த வாயுவைப் பட்ஜெட்டிலேயே கேட்டிருந்தேன்.

அந்த வாயுதான் என் பொறுமையைச் சோதித்தது. சில லிட்டர் பிடிக்கிற சின்ன சிலிண்டர், இறக்குமதி, வரியோடு லட்சத்தைத் தொட்டது. பர்ச்சேஸ் கமிட்டியில் ஒருவர், "நைட்ரஜன் சிலிண்டர் லோக்கல்ல ஆயிரத்துச் சொச்சம்தானே, இது ஏன் இவ்வளவு?" என்று எழுதி ஃபைலைத் திருப்பி அனுப்பினார். விளக்கம் எழுதி அனுப்பினேன். அது ஒரு மேஜையில் படுத்திருந்தபோதே மார்ச் 31 வந்தது. ஆர்டர் போடாத தொகை அந்த நிதியாண்டோடு லேப்ஸ். புது வருடத்தில் ரீவேலிடேஷன் என்று மறுபடி முதலிலிருந்து. அது முடிந்து ஆர்டர் போகிற நேரத்தில் 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருள்களின் அடிப்படைச் சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக ஏற்றினார்கள். எங்கள் சப்ளையர் ஒரே ஆர்டரில் இருந்த உப்பு, கரைப்பான், வாயு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தார். ஒரு வாரம் பத்து நாளில், ஆய்வகப் பயன்பாட்டுக்கு என்றால் பழையபடி 10 சதவீதம் என்று அரசு இறங்கி வந்தது. ஆனால் மறுவிற்பனை இல்லை என்று உறுதிமொழி, புது கொட்டேஷன், புது ஒப்புதல். வாயு லேபுக்கு வந்து சேர்ந்தபோது அடுத்த தீபாவளி.

இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது: திட்டத்தின் உயிரே எந்தப் பொருளில் இருக்கிறதோ அதை முதல் தவணையில், முதல் மாதத்தில் ஆர்டர் போடுங்கள். கருவியை வேறு லேபில் கெஞ்சி வாங்கி ஓட்டிவிடலாம். தீர்ப்புச் சொல்கிற சோதனைக்குத் தேவையான பொருள் தாமதமானால், இரண்டு வருடத் திட்டத்தில் ஒரு வருடம் சும்மா போகும். டிசம்பருக்குப் பிறகு பெரிய ஆர்டரை உள்ளே அனுப்பவே அனுப்பாதீர்கள், ஜனவரியில் ஆரம்பித்த ஃபைல் மார்ச்சில் முடியாது. ஒவ்வொரு தாமதத்துக்கும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் எழுதி வைத்தேன். எழுதும்போது எரிச்சலில் எழுதியது, பின்னால் சாட்சியாக நின்றது.

என்எம்ஆர் கருவி எங்களிடம் இல்லை. இன்னொரு நிறுவனத்தில் சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணம். பகுப்பாய்வுக் கட்டணம் என்ற தலைப்பே எங்கள் நிதியில் இல்லாததால் கைக்காசு. முடிவு மெயிலில் வந்தது. மூன்று முனை. இரண்டு முனை இருக்க வேண்டிய இடத்தில் கோடு தட்டையாகக் கிடந்தது. மாணவி திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை ஓட்டினோம், அதே மூன்று முனை. எங்கள் நீலம் முழுக்க வெளியிலிருந்து வந்த அம்மோனியா. அன்றைக்கு எனக்குத் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம் என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆர்கானோடு நின்று, அந்த மூன்றில் ஒரு பங்கைக் கட்டுரையாக்கி அனுப்பியிருந்தால் எங்காவது ஓர் இதழில் வந்திருக்கும். வந்திருந்தால் எனக்குக் கடிதமும் வந்திருக்காது. இந்த அமைப்பு எதற்குப் பரிசு கொடுக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது.

மாணவியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. யுஜிசி 2022இல் கொண்டுவந்த பிஎச்.டி. விதிகளில் தீசிஸ் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்பதை எடுத்துவிட்டார்கள். ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்துக்கொள்ளலாம், எங்களுடையதில் இரண்டு கட்டுரை கட்டாயம். நான் வேலை நிரந்தரமானவள், என்னால் ஒரு தோல்வியைத் தாங்க முடியும். அவள் வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாக வரும், தம்பி படிப்புக்கு அவள்தான் பணம் அனுப்புகிறாள். ஆரம்பத்திலேயே அவளுக்கு சூப்பர்கெபாசிட்டர் மின்முனை வேலை ஒன்றையும் தனியாகக் கொடுத்திருந்தேன். அதில் புதுமை பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் வேலை செய்தால் முடிவு வரும். அதில்தான் அவளுடைய முதல் கட்டுரை வந்தது. அம்மோனியா வேலையை, எங்கிருந்தெல்லாம் பொய் அம்மோனியா வந்தது என்று அளந்து காட்டும் கட்டுரையாக எழுதினோம். சில இதழ்கள் "புதிய வினையூக்கி இல்லை" என்று திருப்பின, ஒன்று ஏற்றுக்கொண்டது. ஹை ரிஸ்க் வேலையை மட்டும் நம்பி ஒரு மாணவரின் பிஎச்.டி.யைக் கட்டாதீர்கள். அவர்களுக்குச் சேர்வதற்கு முன்பே, இது நடக்காமல் போகலாம், அப்போது உன் தீசிஸ் இந்த இன்னொரு வேலையில் நிற்கும் என்று உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். பெற்றோர் முன்னிலையில் சொன்னால் இன்னும் நல்லது.

இறுதி மதிப்பாய்வு மொத்தம் பத்து நிமிடம். ஆறாவது ஸ்லைடில் என்எம்ஆர் படத்தைக் காட்டியபோது தலைவர் குறுக்கிட்டு, "க்யூ1 எத்தனை?" என்றார். இந்தத் தலைப்பில் வந்தது ஒரே கட்டுரை, அதுவும் க்யூ2 என்றேன். "பேடன்ட்?" இல்லை. வெளியிலிருந்து வந்த நிபுணர் மட்டும் கன்ட்ரோல் சோதனைகளை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்றார். குறிப்பில் அது ஏறவில்லை. அமெரிக்காவில் ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனம் ஆளைப் பார்த்து நீண்ட காலத்துக்குப் பணம் கொடுக்கும், ஆரம்பத் தோல்வியைப் பெரிதுபடுத்தாது. அதில் நிதி பெற்றவர்களை, அதே தரத்தில் வழக்கமான அரசு நிதி பெற்றவர்களோடு ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களிடமிருந்து பெரிய வெற்றிகள் அதிகம் வந்தன, படுதோல்விகளும் அதிகம் வந்தன. இரண்டும் சேர்ந்துதான் வரும். முதலாவதை மட்டும் கேட்டு வாங்க எந்தப் படிவத்தாலும் முடியாது.

இரண்டு வாரத்தில் அந்தக் கடிதம். வீட்டுக்கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, என் கணவருக்கும் அந்த வருடம் வேலை மாறியிருந்தது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. கோபத்தில் ராஜினாமாவைக்கூட டைப் செய்து வைத்தேன், ஆனால் ராஜினாமா செய்தால் மொத்தமும் கட்ட வேண்டுமே. அப்புறம் பதில் எழுத உட்கார்ந்தேன். உணர்ச்சி எதுவும் இல்லாமல் ஒன்றரைப் பக்கம். இணைப்பாகப் புரொபோசலின் இரண்டாம் பக்கம், அதில் நிறுத்த விதி. ஏற்புக் கடிதத்தோடு அனுப்பிய மெயில். அரையாண்டு அறிக்கைகள், அவற்றை ஏற்றுக்கொண்டதாக வந்த பதில்கள். வாயு ஆர்டரின் தேதிவாரி நோட்டு. கருவி பல்கலைக்கழகத்தின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பக்கம், இன்றும் வேறு மூன்று பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு லாக் புத்தகத்தின் நகல். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் அன்றே போய்ச் சண்டை போடவோ கெஞ்சவோ வேண்டாம். காகிதத்துக்குக் காகிதம்தான் பதில்.

பிடித்தம் நடக்கவில்லை. இடையில் டீன் மாறினார், புதியவர் கூப்பிட்டு, "விடுங்க மேடம், க்ளோஸ் பண்ணிடலாம்" என்றார். ஆனால் இழந்தது இழந்ததுதான். என்எம்ஆர் கட்டணம், பயணம், அவசரத்துக்கு வாங்கிய ரீஏஜென்ட், கட்டுரைக்கான மொழித் திருத்தம் என்று கைக்காசு 60 ஆயிரத்துக்கு மேல். கடிதம் நிலுவையில் இருந்ததால் அசோசியேட் பதவி உயர்வு நேர்காணல் ஒரு சுற்றுத் தள்ளிப்போனது, சம்பள வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்தால் அதுதான் பெரிய நஷ்டம். இரண்டு வருடத்தில் பாதுகாப்பான தலைப்பில் எழுதியிருக்கக்கூடிய கட்டுரைகளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

டீன் வாயால் சொன்னதோடு நான் விடவில்லை, நீங்களும் விடாதீர்கள். திட்டம் முடித்துவைக்கப்பட்டது, திரும்பப் பெற வேண்டிய தொகை ஏதுமில்லை என்று எழுத்தில் ஒரு க்ளோஷர் ஆர்டர் கேளுங்கள். இறுதி யூசியில் நிதி அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். எனக்கு அது வர மாதக்கணக்கில் ஆனது, மாதம் ஒரு நினைவூட்டல் மெயில் போட்டுக்கொண்டே இருந்தேன். வந்ததும் மூன்று நகல் எடுத்து, ஒன்றை என் பணிப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி மனிதவளப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். அது இல்லாமல் நோ டியூஸ் கேட்கப் போனவர்களிடம், பத்து வருடம் கழித்துக்கூடப் பழைய சீட் மணிக் கணக்கை எடுத்துக் காட்டுகிறார்கள்.